பூசணிக்காய்க்குள் பரமலிங்கம்

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான கரம்பொனில் போய் ஸ்ரீவாணியின் வீடு எதுவென்று கேட்டால் இரண்டு பேராவது யோசிப்பார்கள். 'சீ ரீச்சர்' வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் ஒழுங்கையைக் காட்டிவிடும். வேலணையில் ஒரு முன்பள்ளியில் பத்தொன்பது வருடம் படிப்பித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மூக்கு வடிகிற பிள்ளையைக் கண்டால் சீ. பாண் துண்டில் எறும்பு ஊர்ந்தால் சீ. பரிசளிப்புக்கு வந்த பெரிய மனிதர் மாலையைக் கழற்றாமல் ஒரு மணித்தியாலம் பேசினால் அதற்கும் ஒரு சீ, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு அந்த மூக்கைத் துடைத்துவிடுவதும், எறும்பைத் தட்டிவிட்டு வேறு பாண் கொடுப்பதும் அவள்தான். அதனால் அவளுடைய சீயை ஒருவரும் பெரிதாக எடுத்ததில்லை.

இப்போது வயது நாற்பத்தெட்டு. கணவர் குமாரசுவாமி கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் நிற்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து நான்கு நாள் நித்திரை கொண்டுவிட்டுப் போவார். ஒரே மகள் மட்டக்களப்பில் படிக்கிறாள். முன்பள்ளியை விட்ட பிறகு ஸ்ரீவாணி செய்வது குட்டி வீடுகள். பிள்ளைகளுக்குக் காட்டவென்று முன்பு ஒரு பால்மா ரின்னுக்குள் கிணறு, தோட்டம், மாட்டுக் கொட்டில் எல்லாம் செய்து வைத்திருந்தாள். லண்டனில் இருந்து வந்த ஒருவர் அதைக் கண்டுவிட்டுத் தங்கள் பழைய வீட்டையும் அப்படிச் செய்து தரக் கேட்டார். செய்து கொடுத்தாள். அவர் அதைப் படமெடுத்து முகநூலில் போட்டார். அன்றோடு பிடித்தது சனி. போத்தலுக்குள், சிரட்டைக்குள், பழுதான மணிக்கூட்டுக்குள் என்று கண்டதற்குள்ளும் வீடு வைக்கச் சொல்லி வெளிநாட்டுச் சனம் கேட்கத் தொடங்கியது.

கையென்றால் அப்படி ஒரு கை. உடைந்த ஓட்டைத் தேய்த்துத் தூளாக்கிக் கூரைக்குப் பூசுவாள். கடற்கரையில் ஒதுங்குகிற சாதாளைப் பாசியைக் காயவைத்துப் பற்றைக்கு வைப்பாள். வேலிக் கதியாலுக்குச் சூடை மீன் முள். அதை மூன்று தரம் சவர்க்காரத் தண்ணீரில் அவித்து, மூன்று தரமும் சீ சொல்லி, பிறகுதான் இடுக்கியால் தொடுவாள். பசை விடுவதற்கு ஊசி போடுகிற சிரிஞ்ச். ஒரு சன்னலுக்கு இரண்டு நாள் எடுத்தாலும் சன்னல் திறந்து மூட வேண்டும்.

ஆனால் வேலை சொல்பவர்கள் அவிழ்த்துவிடுகிற பொய்தான் அவளுக்குக் குமட்டும். ஓலை வீட்டில் பிறந்தவர் ஓட்டு வீடு கேட்பார். ஆட்டுக்குட்டிகூட வளர்க்காதவர் இரண்டு பசு கேட்பார். சித்தப்பனோடு கோடு கச்சேரி ஏறி எல்லையில் மதில் எழுப்பியவர், மதிலை விட்டுவிட்டு அந்த இடத்தில் செவ்வரத்தை வைக்கச் சொல்வார். எட்டு வருடத்தில் நாற்பது வீட்டுக்கு மேல் செய்திருப்பாள். கக்கூசும் வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டதில்லை.

"இவையள் எல்லாம் என்ன, வானத்திலயிருந்தே விழுந்தவை?" என்று கணவரிடம் ரெலிபோனில் கேட்பாள்.

"கேட்டதைச் செய்து குடும். உமக்கேன் மிச்சக் கதை?" என்பார் அவர். அந்தப் பதிலும் அவளுக்கு அருவருப்பு.

இந்த வருடம் ஆனியில், நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த ஒரு குடும்பம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. திறந்ததும் பெயின்றும் றப்பரும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு பூசணிக்காய். மெய்க் காய் இல்லை. ரெஜிபோம் நுரையில் வார்த்து, தோடம்பழ நிறம் அடித்து, மேலே பச்சைக் காம்பும் வைத்த பொய்க் காய். தூக்கினால் பாரமே இல்லை. தட்டினால் டொக் டொக்கென்று கேட்டது. ஒரு முழு மனிதத் தலையை விடப் பெரிது.

"சீ, இதென்ன அரியண்டம்!" என்று கையை உடுப்பில் துடைத்தாள்.

அன்றைக்கே அதைக் கொடுத்தனுப்பிய பிள்ளையின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. "அன்ரி, நான் நிலக்சனா. உங்கட வேர்க் எல்லாம் பார்த்தனான், சூப்பர். அந்தப் பம்கினுக்குள்ள எனக்கு ஒரு பேய் வீடு வேணும். ஹாலோவீனுக்கு எங்கட லைப்ரரியில ஒரு கொம்பெற்றிஷன் இருக்கு. ஒரு வீடியோ அனுப்புறன், அந்த வீடுதான் வேணும். வாசல்ல நிக்கிற பேயும் வேணும். கண் முழு வெள்ளை, வாயில கொஞ்சம் இரத்தம். நல்லா ஸ்கேரியா இருக்கோணும் அன்ரி."

ஒக்ரோபர் கடைசியில் அங்கே பேய் வேடம் போட்டுப் பூசணிக்காய் குடைகிற ஒரு கொண்டாட்டம் இருக்கிறது என்று மகள் முன்பு சொன்னது ஸ்ரீவாணிக்கு ஞாபகம். வேலை வெட்டி இல்லாத சனம் என்று நினைத்துக்கொண்டு வீடியோவைத் திறந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்து மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பெடியன்கள் எடுத்தது. 'தீவகத்தில் கரம்பொன் பேய் வீடு, இதயம் பலவீனமானவர்கள் பார்க்கவேண்டாம்' என்று தலைப்பு. இருட்டுகிற மைமல் பொழுது. கூரை விழுந்த வீடு. சுவரைப் பிளந்து வளர்ந்த ஆலங்கன்று. பின்னணியில் நரி ஊளையிடுகிற சத்தம் வேறு ஒட்டியிருந்தார்கள். தீவில் நரி ஏது? திடீரென்று உள்ளேயிருந்து ஒரு உருவம் வாசலுக்கு வருகிறது. தாடி, வெறும் மேல், சாரம். விளக்கை முகத்தில் அடித்ததும் கண் இரண்டும் வெள்ளையாகப் பளிச்சிடுகின்றன. "ஐயோ பேய்" என்று பெடியன்கள் ஓடுகிறார்கள். நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே சிரிப்புப் படம் வரிசையாக.

அது பேய் இல்லை. அது பரமலிங்கம் அண்ணை.

இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அந்த வீடு. அறுபத்தொன்பது வயது மனிதர். சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுப்பார், முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டுவந்து தருவார், சீனி போடாத தேத்தண்ணி கேட்பார். வீடு அவருடையதும் இல்லை. தங்கச்சி சிவயோகத்துக்குச் சீதனத்துக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்த வீடு. தொண்ணூறாம் ஆண்டு சிவயோகம் கனடாவுக்குப் போகும்போது, "அண்ணை, வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ, வந்திடுவன்" என்றுவிட்டுப் போனாள். ஊர் இடம்பெயர்ந்து எல்லாரும் போனபோது அவரும் போனார். ஆமி திரும்ப ஊருக்குள் விட்டதும் முதல் ஆளாக வந்தார். ஷெல் விழுந்து கூரை இல்லை. குசினியும் ஒரு அறையும் மட்டும் மிச்சம். அதற்குள் படுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கலியாணமும் செய்யவில்லை. தங்கச்சி முன்பு மாதம் ஒருக்கால் போன் எடுப்பாள். பிறகு வருடப் பிறப்புக்கு எடுத்தாள். ஆறு வருடமாக அதுவும் இல்லை.

ஸ்ரீவாணிக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "பிள்ளை, உம்மட அம்மா எந்த ஊர்?" என்று கேட்டு அனுப்பினாள்.

"அம்மாவும் கரம்பொன்தான் அன்ரி. சிவயோகம் எண்டு பேர். அதுதான் கரம்பொன் வீடெண்டதும் எனக்கு இன்ரரெஸ்ற். ஆனா அம்மா ஊர்க் கதை ஒண்டும் கதைக்கமாட்டா. நான் இது செய்யிறதும் அவவுக்குத் தெரியாது."

ஸ்ரீவாணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். வீட்டுக்காரன் வீட்டு வாசலில் நிற்பதைப் படமெடுத்துப் பேயென்று விற்கிற பெடியன்களை நினைக்க அருவருத்தது. அதைப் பார்த்துச் சிரித்த நாலு லட்சம் பேரையும் நினைக்க அருவருத்தது. எல்லாவற்றையும் விட, தன் அண்ணன் இருக்கிறார் என்பதைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாத சிவயோகத்தை நினைக்கத்தான் அருவருத்தது. பிள்ளைக்குத் தெரியாது, அதில் பிழையில்லை. தாய்க்குத் தெரியுமே.

வேலையை வேண்டாமென்று திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. பிள்ளை கேட்டபடி அச்சொட்டாகச் செய்து அனுப்புவது என்று முடிவு கட்டினாள். வெள்ளைக் கண்ணும் வைப்பாள், இரத்தமும் வைப்பாள். அந்தப் பூசணிக்காய் சிவயோகத்தின் வீட்டு மேசையில் போய் இருக்கட்டும். அவள் குனிந்து உள்ளே பார்க்கட்டும். தான் விட்டுவிட்டு வந்த வீட்டையும் விட்டுவிட்டு வந்த மனிதனையும் கண்டு அவளுக்குச் சோறு இறங்காமல் போகட்டும். அப்படி நினைத்தபோது தான் பெரிய நியாயவாதி என்ற ஒரு எண்ணம்கூட ஸ்ரீவாணிக்கு இருந்தது.

இரண்டு மாதம் மேசையில் வைத்தே துண்டு துண்டாக வீட்டைச் செய்தாள். சுவரைக் கட்டி, பிறகு ஷெல் பட்ட மாதிரியே உடைத்தாள். கரி பிடித்த குசினிச் சுவருக்கு விளக்குப் புகை காட்டினாள். உள்ளே ஒரு கதிரை, ஒரு அலுமினியக் கோப்பை, கொடியில் ஒரு சாரம். தீப்பெட்டி ஒன்றுக்குள் பேயும் தயாராகப் படுத்திருந்தது. தாடி, வெள்ளைக் கண், வாயோரம் சிவப்பு.

மிச்சம் பூசணிக்காயின் முன்பக்கத்தை வெட்டுவதுதான். அங்கேதான் கை நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் முழுப் பூசணிக்காயில் பெண்கள் முதல் கத்தி வைக்கமாட்டார்கள். ஒரு ஆம்பிளை வந்து ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தால்தான் குசினிக்குள் எடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வயிறு மாதிரி என்பார்கள், குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். இதுவோ ரெஜிபோம். சீனாவில் வார்த்தது. கத்தியைக் கொண்டுபோய் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மகள் தனியே தூரத்தில் இருக்கிறாள், கணவருக்கு இரத்த அழுத்தம். "படிச்ச மனுசி நான், எனக்கு வெக்கமில்லை" என்று தன்னையே ஏசிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற ஒரே ஆம்பிளைக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த மனிதரின் வீட்டைத்தான் மேசையில் பரப்பி வைத்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அதை ஒரு பழைய சேலையால் மூடினாள். வந்தால் பேய்க்கு வைத்த தாடி சரியா என்று ஒருமுறை கிட்டப் பார்க்கலாம் என்றும் நினைத்தாள். அதுதான் இப்போது நினைத்தாலும் அவளுக்குக் கூசுவது.

பரமலிங்கம் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். பொய்க் காயைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. கிழக்கே பார்த்து வைத்து, "பிள்ளையாரே" என்று சொல்லி, அவள் பென்சிலால் கீறியிருந்த கோட்டில் பிசகாமல் அறுத்தார். ரெஜிபோம் கீச்சென்று பல்லைக் கூசவைத்தது. வெட்டிய துண்டை வைக்க இடம் தேடி, மேசைச் சேலையை விலக்கினார்.

"இது எங்கட வீடெல்லோ ரீச்சர்!"

ஸ்ரீவாணி தீப்பெட்டியை எடுத்து மடிக்குள் வைத்தாள்.

"ஆலங்கன்றும் நிக்குது. என்ர கதிரை. ஆருக்கு இது?"

"கனடாவுக்கு அண்ணை. சிவயோகத்தின்ர மகள் கேட்டவ."

மனிதர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "நிலக்சனாவோ? சின்னவளோ? அவள் பிறந்த நேரம் போனில சொன்னவள். அவளுக்கு எங்கட வீட்டைத் தெரியுமோ?"

"ஓம். வாசல்ல உங்களையும் வைக்கட்டாம்."

"என்னையோ? மாமாவை வைக்கச் சொல்லிக் கேட்டவளோ?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். ஸ்ரீவாணிக்கு அது இருக்கவில்லை. "ஓம்" என்றாள்.

அடுத்த நாள் காலை படலை திறந்தபோது அவளுக்கு ஆளையே மட்டுக்கட்ட ஏலவில்லை. தாடியை வழித்திருந்தார். கன்னத்தில் இரண்டு இடத்தில் பிளேட் கீறிய காயம். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பெட்டிக்குள் கிடந்த வெள்ளைச் சேட்டும் வேட்டியும். சேட்டின் மடிப்பு வரியில் மஞ்சள் ஏறியிருந்தது.

"பிள்ளை முதன்முதலாப் பாக்கப் போறாள் எல்லோ. நேர நிக்கவோ, சாய்ஞ்சு நிக்கவோ?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

ஒரு மணித்தியாலம் நின்றார். இருக்கச் சொன்னாலும் இருக்கவில்லை. ஸ்ரீவாணி அளவெடுக்கிற சாட்டில் குனிந்தே இருந்தாள். பெடியன்கள் அவரைக் கேட்காமல் பேயாக்கினார்கள் என்று காறித் துப்பினாளே, அவளும்தான் கேட்கவில்லை. அவளும்தான் ஒரு தங்கச்சியைக் குத்துவதற்கு அந்த மனிதரை ஊசியாக எடுத்தாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் போனதும் தீப்பெட்டியை அடுப்பில் போட்டாள். அது எரிந்த நாற்றம் பின்னேரம் வரை குசினியை விட்டுப் போகவில்லை.

ஐந்து நாளில் புது ஆளைச் செய்தாள். சுண்டுவிரல் உயரமும் இல்லை. ஆனால் வெள்ளைச் சேட்டு, வாரிய தலை, கொஞ்சம் கூனிய வலது தோள் எல்லாம் அவர்தான். சேட்டுக்கு நாலு பொத்தான். வாசலில் நிறுத்தி, விளக்கைப் போட்டுப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினாள். இதைப் பார்த்தாவது தாயும் மகளும் ஆரென்று கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

பரமலிங்கம் பின்னேரம் ஐந்து மணிக்கே வந்து கதிரையில் இருந்துவிட்டார், அதே சேட்டோடு. அங்கே அப்போதுதான் விடியும். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது.

"பிள்ளையின்ர குரலோ? சத்தமாப் போடும், நானும் கேக்கிறன்" என்றார்.

மறைக்க அவளுக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. போட்டாள்.

"அன்ரி, வீடு பயங்கர வடிவு. ஆனா இதென்ன? நான் கேட்டது பேய். நீங்கள் எங்கட மாமாவைச் செய்து வைச்சிருக்கிறீங்கள். செத்துப்போன பரமலிங்கம் மாமா. தொண்ணூறில சண்டையில செத்தவர். உங்களுக்கு அவரைத் தெரியுமோ? எங்கட ஹோல்ல இருக்கிற படம் அனுப்புறன் பாருங்கோ, அப்பிடியே அவர்தான். அம்மா ஒவ்வொரு வருசமும் அவருக்குத் திவசம் செய்யிறவ. அண்டைக்குப் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டா, ஒரே அழுகை. இதை அம்மாக்குக் காட்டவே ஏலாது அன்ரி. பிளீஸ், ஆளை மாத்துங்கோ. கண்ணை வெள்ளையாக்கினாலும் காணும்."

பின்னாலேயே படம் வந்தது. சுவரில் ஒரு வெள்ளைச் சேட்டுக்காரர். முப்பத்தைந்து வயது. பிளாஸ்ரிக் மாலை. கீழே ஒரு சின்னச் சிவப்புப் பல்ப்.

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "இது ஐடென்ரிக் காட்டுக்கு எடுத்த படம். ஒரு கொப்பி கொண்டு போறன் எண்டு கேட்டவள்" என்றார்.

ஸ்ரீவாணி பூசணிக்காய்க்குள் எரிந்த விளக்கை நிறுத்தினாள்.

"அகதிக் கேசுக்குச் சொல்லியிருப்பாள் ரீச்சர். அந்த நேரம் போன சனம் எல்லாம், திருப்பி அனுப்பாமல் இருக்கிறதுக்கு ஆரையாவது செத்ததெண்டுதானே சொன்னது. ஒருக்கால் எழுதிக் குடுத்தால் பிறகு உயிர்ப்பிக்க ஏலுமோ? அங்கை போய் முடிச்ச புருசனுக்கும் அதுதான், பிள்ளையளுக்கும் அதுதான்." படத்தை இன்னும் கிட்டப் பிடித்தார். "அதுதான் போனில குசுகுசுவெண்டு கதைக்கிறவள். நான் லைன் கிளியர் இல்லையெண்டு நினைச்சனான்."

"உங்களுக்கு ஒரு கோபமும் வரேல்லையோ அண்ணை? எனக்குச் சத்தி வருது."

"திவசம் செய்யிறாள் எல்லோ." அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, அதைத்தான் ஸ்ரீவாணியால் சகிக்க முடியவில்லை. "பச்சைத் தண்ணியும் குடிக்காமல் எண்டு பிள்ளை சொல்லுது. நான் இஞ்சை செத்தால் எனக்கு ஆர் இருக்கு, ஒரு பிடி சோறு படைக்க? முப்பத்துநாலு வருசமாச் செய்துகொண்டிருக்கிறாள். எனக்கு இது தெரியாமல் போச்சு. கண்ணை வெள்ளையாக்கிக் குடும் ரீச்சர், பிள்ளையின்ர ஆசை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பல்ப்பும், பிளாஸ்ரிக் மாலையும், உயிரோடு இருக்கிறவனுக்கு அழுகிற அழுகையும், அதைக் கேட்டு மகிழ்கிற இந்த மனிதரும், வெட்டிய பூசணிக்காயில் இருந்து இன்னும் வந்துகொண்டிருந்த றப்பர் நாற்றமும் எல்லாம் ஒரே அழுக்காகத் தெரிந்தன. போனை அவர் கையில் இருந்து பறித்தாள். நின்ற நிலையிலேயே எழுதினாள்: 'பிள்ளை, உம்மட மாமா சாகேல்லை. வீடியோவில நீர் கண்ட பேயும் அவர்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இப்ப என்ர வீட்டுக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்.' சேட்டோடு இருக்கிறவரை ஒரு படமும் எடுத்தாள். இரண்டையும் அனுப்பினாள். அனுப்பியதும் நெஞ்சு இலேசானது. இவ்வளவு காலத்தில் முதல் தரம் ஒரு வீட்டைப் பற்றி உண்மை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தாள்.

"என்ன எழுதினனீர்?" என்று கேட்டார்.

வாசித்துக் காட்டினாள். சரிக் குறி இரண்டும் நீலமாக மாறுவதையும் காட்டினாள். அங்கே பிள்ளை ஏதோ எழுதத் தொடங்கியது, நிறுத்தியது, திரும்பவும் தொடங்கியது, நிறுத்தியது. பிறகு ஒன்றும் இல்லை.

பரமலிங்கம் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இனி அந்தத் திவசத்தையும் நிப்பாட்டிப் போடுவாள் ரீச்சர்" என்றார்.